அரியலூர் வரைக்கும் ஓடிப்போனவள்

மணிவண்ணனைப் புவனேஸ்வரி முதலில் பார்த்தது சிறுவாச்சூர் கோயில் கும்பலில். செம்பட்டைச் சாயம் பூசிய முடியை ஒதுக்கிவிட்டு அவன் ஒரு சிரிப்புச் சிரித்தான். பெரம்பலூர் காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிற பெண்ணுக்கு அதிலேயே புத்தி கழன்றுவிட்டது. செல்போன் கடையில் கவர் மாட்டிக் கொடுக்கிறவன் அவன். 'உனக்காக உசுரையே குடுப்பேன்' என்று தினமும் வாட்ஸ்அப்பில் அனுப்புவான். உயிரை யாரும் கேட்கவில்லை. அதனால் தாராளமாகவே கொடுத்துக்கொண்டிருந்தான்.

ஒருநாள் வீட்டில் மாப்பிள்ளை பார்க்கலாமா என்று ஒரு பேச்சுத்தான் எழுந்தது. யாரும் பெண் பார்க்க வரவும் இல்லை, அவளைக் கட்டாயப்படுத்தவும் இல்லை. மறுநாள் காலையில் பையில் இரண்டு சுடிதாரைத் திணித்துக்கொண்டு, குன்னத்தில் அரியலூர் பஸ் ஏறிவிட்டாள். ஊரைத் தாண்டியதும் அம்மா ராசாத்திக்கு, "என்னையத் தேடாதீங்க. எனக்குப் புடிச்சவரோட போறேன்" என்று வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பிவிட்டு போனை அணைத்தாள். தன்னைப் போல் தைரியசாலி அந்த வட்டாரத்திலேயே இல்லை என்று அப்போது அவளுக்கு நினைப்பு.

அரியலூர் ரயில் ஸ்டேஷனில் மணிவண்ணன் வெறுங்கையோடு நின்றிருந்தான்.

"துணிமணி எதுவும் எடுத்துட்டு வரலியா?"

"வூட்டுல அம்மா இருந்துச்சு, எப்படி எடுக்குறது?"

"சரி, சென்னையில ஃப்ரெண்டு ரூம் இருக்குன்னீங்களே?"

"அவன் போனே எடுக்க மாட்டேங்குறான். பசிக்குது புவனா, ஏதாச்சும் வாங்கிட்டு வாயேன்."

இரண்டு பொட்டலம் எலுமிச்சைச் சாதம் வாங்கி வந்தாள். தன்னுடையதைத் தின்று முடித்துவிட்டு, "நீ சாப்புடலியா?" என்று அவளுடையதையும் இழுத்துக்கொண்டான். பிறகு, மோவாயில் பருக்கை ஒட்டியிருப்பதுகூடத் தெரியாமல், போனைக் கண்ணாடியாக்கி முடியைச் சரிசெய்தான். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்கு முதல்முறையாக எரிச்சலாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து, யாரையோ ரயிலேற்றிவிட வந்த அவன் தாய்மாமன் கொளஞ்சியப்பன் எதிரில் வந்து நின்றார்.

"டேய் மணி, இங்க என்னடா பண்ற? யாரு இந்தப் பொண்ணு?"

மணிவண்ணன் துள்ளி எழுந்து அவளைவிட்டு எட்டிப் போய் நின்றான்.

"நான் ஒண்ணும் பண்ணல மாமா! இந்தப் பொண்ணுதான் கூப்புட்டுச்சு. வரலன்னா செத்துருவேன்னு மெரட்டுச்சு. புத்தி சொல்லி வூட்டுக்கு அனுப்பலாம்னுதான் வந்தேன்."

அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. வெறுங்காலில் அசிங்கத்தை மிதித்துவிட்டாற்போல் உடம்பு கூசியது.

"ஆமாங்க, புத்தி சொன்னாரு" என்றாள். "ரெண்டு பொட்டலத்தையும் தின்னுகிட்டே சொன்னாரு."

கொளஞ்சியப்பன் மருமகனின் மோவாயைப் பார்த்தார். "வாயத் தொடைடா, நாயே" என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "எந்த ஊரும்மா? கொண்டுபோயி வுடவா?" என்று கேட்டார்.

"வேணாங்க, நானே போயிக்கிறேன்."

திரும்பும் பஸ்ஸில், அவனிடம் எது தனக்குப் பிடித்தது என்று யோசித்துப் பார்த்தாள். முடி. அந்தச் சிரிப்பு. அதற்குமேல் ஒன்றும் அகப்படவில்லை. இதற்காகவா அம்மாவுக்கு அப்படியொரு பேச்சை அனுப்பினோம் என்று நினைத்தபோது, அவனைவிடத் தன்மீதே அருவருப்பு மிஞ்சியது.

வீட்டு வாசலில் ஆய்ந்து முடிக்காத சின்ன வெங்காயம் அப்படியே கொட்டிக் கிடந்தது. அம்மா எழுந்து வந்து கன்னத்தில் அறைந்தாள். பெரம்பலூர் முழுக்கத் தேடிவிட்டு வந்த அண்ணன் கலைச்செல்வன், "யாருடி அவன்? பேரச் சொல்லு, கால ஒடைக்கிறேன்" என்று குதித்தான்.

"ஒடைக்கிறதுக்கு அவன் நிக்க மாட்டாண்ணா" என்றாள் அவள்.

ராசாத்தி அவளைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தாள். "ஒரு வாரத்துக்குக் காலேஜு பக்கம் போவாத" என்றாள். புவனேஸ்வரி உட்கார்ந்து வெங்காயத்தை ஆய ஆரம்பித்தாள்.

மறுநாள் அவனிடமிருந்து செய்தி வந்தது: 'கோவமா செல்லம்? மாமா முன்னாடி வேற என்ன சொல்றது? அடுத்த வாரம் போலாமா?'

அவள் அதை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

"தூ" என்றாள் ராசாத்தி.