மூன்று பேரைக் கேட்ட பிறகு

1
இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது. கேட்டவள் ஏழாம் வகுப்புத் தேன்மொழி. கேட்டது என் கணவரின் பதினாறாம் நாளன்று. ஐந்து மாதமாகப் பதில் எழுதத்தான் உட்காருகிறேன், கதைதான் வருகிறது.

2
முதல் தொடக்கம்: சத்தியவேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளியில், பாடமே நடத்தாத ஓர் அறிவியல் ஆசிரியர்—

வேண்டாம். குற்றம் சாட்டுவது போல இருக்கிறது.

இரண்டாவது: ஸ்வர்ணலதாவின் கணவர் கோவர்த்தனன், வகுப்பில் பெஞ்சுகளை வட்டமாகப் போட்டார். (மனைவிக்கு என் பெயரை வைக்கவில்லை. ஸ்வர்ணலதா தாங்குவாள்.) பிள்ளைகளே படித்து, செய்து பார்த்து, சண்டை போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரே விதி: சந்தேகம் வந்தால் முதலில் மூன்று பேரைக் கேள், அப்புறம்தான் சார். அவர் பின்னால் நாற்காலியில் கண்ணை மூடிக் காதை மட்டும் திறந்து வைத்திருப்பார்.*

* பக்கத்து வகுப்பு நாகையா சார் சொல்வது: "கோவர்த்தனன் கிளாஸ்ல பசங்க முழிச்சிக்கினு கீறாங்க, சாரு தூங்கிக்கினு கீறாரு." ஸ்வர்ணலதாவும் சிரித்திருக்கிறாள்.

3
அன்று எலுமிச்சம்பழங்களில் ஆணியும் செம்புக் கம்பியும் குத்திச் சின்ன எல்.இ.டி. பல்பை எரியவைக்கும் பாடம். தேன்மொழி திரும்பிப் பார்த்தாள். சாரின் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கை தொங்கியது.

சந்தேகம் வந்தது. மூன்று பேரைக் கேட்டாள்.

தூக்கம் என்றான் யோகேஷ். நம்மைச் சோதிக்கிறார் என்றாள் ரூபா. முதலில் பல்பு எரியட்டும் என்றான் ஹேமநாத்.

எரிந்தது. கைதட்டினார்கள். காட்டுவதற்காகச் சாரிடம் ஓடினாள்.

திருப்பதி டாக்டர் சொன்னார்: "ஒரு அரை மணி முன்னாடி கொண்டாந்திருந்தா..."

அவர் முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை.

4
"நான் ரூல் படிதாம்மா செஞ்சேன். மூணு பேரைக் கேட்டேன். நேரா சாருகிட்ட போயிருந்தா பொழச்சிருப்பாராம்மா?"

இப்போது பெஞ்சுகள் வரிசைக்குத் திரும்பிவிட்டன. தேன்மொழி வகுப்பில் யாரையும் எதையும் கேட்பதில்லையாம்.

5
ஒரு முடிவு: ஸ்வர்ணலதா "இல்லம்மா" என்று அவளை அணைத்துக்கொள்கிறாள். (பொய்யாக இருந்தால்? அந்தப் பிள்ளை கண்டுபிடித்துவிடும். அப்படித்தான் அவர் பழக்கியிருக்கிறார்.)

இன்னொரு முடிவு: "ஆமாம்—" கிழித்துவிட்டேன்.

நடந்தது: எழுந்து உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். ஸ்வர்ணலதா அல்ல, நான். வெளியே அவள் வெகுநேரம் நின்றாள்.

நாளைக் காலை அவள் வீட்டுக்குப் போகிறேன். என்ன சொல்வது என்று அந்த டாக்டரையே கேட்டேன். பிழைத்திருக்கலாம், பிழைக்காமலும் போயிருக்கலாம் என்றார். நாகையா சாரைக் கேட்டேன், அழுதார்.

மூன்றாவது நீங்கள். உங்களுக்கும் தெரியாவிட்டால், விதிப்படி நான் அவரைத்தான் கேட்க வேண்டும்.