நாலாவது ஆள்

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்த கம்ப்யூட்டர்கள் ஆறு. ஓடுவது மூன்று. அதிலும் ஒன்று, மின்விசிறியை நிறுத்தினால்தான் ஓடும். ஐந்தாம் வகுப்பிலோ இருபத்து மூன்று பிள்ளைகள். முறை மாற்றி, நாலு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர் என்று உட்காரவைத்தால், முரட்டுப் பிள்ளை மவுஸைப் பிடித்துக்கொள்ளும். மற்ற மூன்றும் அதன் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

உமாமகேஸ்வரி டீச்சர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு குழுவின் வேலைக்கும் ஒரு பாஸ்வேர்டு. அதில் ஆளுக்கு ஒரு துண்டு. மூன்று எழுத்துக்கு மேல் போகக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது, டீச்சரிடமும்தான். ஒருவர் தட்டும்போது மற்ற மூவரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். நாலு பேரும் வந்தால்தான் வேலை திறக்கும். ஒருவர் மட்டம் போட்டால் அந்தக் குழு அன்றைக்கு வாய்ப்பாடு எழுத வேண்டியதுதான்.

சொல்லிவைத்தாற்போல வருகை கூடியது. வராத பிள்ளையை மற்ற மூவரும் வீட்டுக்கே போய் இழுத்துக்கொண்டு வந்தார்கள். டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. உலகத்தில் யாருக்கும் வராத யோசனை தனக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள்.

தீபாவளிக்குப் பிறகு வினோதினி வரவில்லை. அவள் அப்பா படகு வேலைக்குக் கேரளாப் பக்கம் போனவர் திரும்பவில்லை. அம்மா மாரிக்கண்ணு மீன் கூடையோடு நெடுங்காட்டுக்குக் காலை பஸ் ஏறினால் சாயங்காலம்தான் வருவாள். வீட்டில் ஏழு மாதத் தம்பி. பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. முப்பது நாள் ஆனதும் தலைமையாசிரியர் ராஜ்மோகன் பெயரை நீக்கும் விதியைக் காட்டினார். பதிவேட்டில் வினோதினி பெயர்மேல் சிவப்பு மையால் கோடு இழுத்தது டீச்சர்தான்.

வந்தது வினை. பொங்கல் முடிந்த வியாழக்கிழமை மேலதிகாரிகள் முன்னால் கண்காட்சி. காட்டும்படி இருந்த ஒரே வேலை வினோதினி குழுவுடையது. 'எங்கள் கரை' என்று பெயர். மீன்கள், காற்றுகள், வலைகள் எல்லாம் படத்தோடு இருந்தன. விவரம் முழுக்க வினோதினி சொன்னது, தட்டியது பாலகுரு, படம் வரைந்தது சந்திராவும் மணிவேலும். நாலு மாத உழைப்பு ஒரு துண்டு இல்லாமல் பூட்டிக் கிடந்தது.

மூன்று பிள்ளைகளும் தங்கள் துண்டைத் தட்டிவிட்டு, நாலாவதற்கு என்னென்னவோ போட்டுப் பார்த்தார்கள். அவள் தம்பி பெயர், படகின் நம்பர், அவளுக்குப் பிடித்த மீன். எதற்கும் மசியவில்லை.

"வீட்டுல போய்க் கேட்டியாடா?" என்றாள் டீச்சர்.

"நாலு தடவை கேட்டாச்சு டீச்சர்," என்றான் பாலகுரு. "நான் வந்துதான் போடுவேங்கிறா."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டீச்சரே போனாள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வினோதினி வாசலில் நின்றாள். பத்து வயசுக்கு அந்த இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தே போயிருந்தது.

"வாங்க டீச்சரம்மா," என்றாள் அப்போதுதான் கூடையை இறக்கிய மாரிக்கண்ணு. "என்னமோ நம்பராம். நான் போகாட்டி அவங்களால தொறக்கவே முடியாது, பாத்துக்கிட்டே இரு, கூப்புட வருவாங்கன்னு இது தெனம் சொல்லிக்கிட்டிருக்கு. நீங்களும் வந்துட்டீங்க."

டீச்சர் வினோதினியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லும்மா. நாளன்னிக்குக் கண்காட்சி."

"சொல்லிட்டா அப்பறம் நான் எதுக்கு டீச்சர்?"

"என்ன பேச்சு இது. வியாழக்கிழமை காலையில நானே வந்து உன்னக் கூட்டிட்டுப் போறேன். எல்லார் முன்னாடியும் நீதான் பேசப்போற. சத்தியமா."

அன்று ஒரு நாள் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விடலாம் என்றாள் மாரிக்கண்ணு. வினோதினி டீச்சரின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பதினேழு டீச்சர். ஒண்ணு, ஏழு. ரிஜிஸ்டர்ல என் நம்பர்."

பதினாறைக் கூப்பிட்டுவிட்டுப் பதினெட்டுக்குத் தாவி எத்தனை நாளாகிறது என்று எண்ணிப் பார்க்கவும் டீச்சருக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் ராஜ்மோகன் கூப்பிட்டு அனுப்பினார். "உமா டீச்சர், பேர் இல்லாத பொண்ணு வந்து பேசினா பதிவேட்டக் கேப்பாங்க. படிப்ப நிறுத்தின பிள்ளையே இல்லன்னு எழுதி அனுப்பியிருக்கோம். நாளைக்கு ஒரு நாள் வேணாம். திங்கக்கிழமை சேத்துக்குங்க."

ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கோடு இழுத்த கை தன்னுடையது என்ற பயம்தான், வேறென்ன. போய்ப் பிள்ளையிடம் விஷயத்தைச் சொல்லியாவது இருக்கலாம். அதற்கும் அவளுக்கு முகம் இல்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்கு அதிகாரிகள் வந்தார்கள். பாலகுரு, சந்திரா, மணிவேல் மூவரும் ஒவ்வொருவராகத் தட்டினார்கள். பிறகு பழக்கதோஷத்தில் மூவரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். டீச்சர் குனிந்து ஒன்று, ஏழு என்று தட்டினாள். திறந்தது.

"வினோ சொல்லிட்டாளா?" என்றான் பாலகுரு. அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை.

வினோதினி பேச வேண்டியதைச் சந்திரா பேசினாள். மேற்கேயிருந்து வீசும் கச்சான் காற்றில் எந்த மீன் வலையில் படும், எது கரையை அண்டும் என்று ஒப்பித்தாள். அதிகாரிகள் கை தட்டினார்கள். ராஜ்மோகன் சிரித்தார். அந்தக் கைதட்டலுக்கு நடுவில் ஜன்னல் வழியாக டீச்சர் பார்த்தாள். கேட்டுக்கு வெளியே வினோதினி நின்றுகொண்டிருந்தாள்.

எல்லாரும் டீ குடிக்கப் போன பிறகுதான் டீச்சரால் அங்கே போக முடிந்தது. வினோதினி தலைக்கு எண்ணெய் வைத்து ரிப்பன் கட்டியிருந்தாள். சீருடை முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது. இடுப்பில் தம்பி. பக்கத்து வீட்டுக்காரி ஏதோ வேலை என்று போய்விட்டாளாம்.

"நீங்க வருவீங்கன்னு பாத்தேன். நேரமாச்சேன்னு நானே வந்துட்டேன்." பிறகு கேட்டாள், "தொறந்துச்சா டீச்சர்?"

பொய் சொல்லலாமா என்றுகூட டீச்சர் நினைத்தாள். "தொறந்துச்சும்மா."

வினோதினி தலையாட்டினாள். தம்பியை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அழுதிருந்தால் டீச்சருக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் அழவில்லை.

"திங்கக்கிழமை உன் பேர எழுதிடறேன். வந்துடும்மா. தம்பியத் தூக்கிட்டே வா, நான் பாத்துக்கறேன்."

"இனிமே நான் எதுக்கு டீச்சர்," என்றாள் வினோதினி. கோபமாகச் சொல்லவில்லை. "அதான் தெரிஞ்சுபோச்சே."

திரும்பி நடந்தாள். டீச்சர் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் யாரோ டீ ஆறுகிறது என்று கூப்பிட்டார்கள்.

திங்கட்கிழமை டீச்சர் சொன்னபடியே பெயரை எழுதினாள். புதிதாகச் சேர்த்தால் கடைசியில்தான் இடம், இருபத்து நாலு. அன்று தொடங்கி முழுப்பரீட்சை வரைக்கும் தினமும் அந்த எண்ணைக் கூப்பிட்டாள். கூப்பிட்டுவிட்டு, கொஞ்சம் பொறுத்து, பதிவேட்டை மூடினாள்.