சட்டப்படி ஒரே அலகு

காவிரிப் பாசனத்துக்கு உட்பட்ட சகல ஜனங்களும் அறிய வேண்டிய முக்கியச் செய்தி: ஓய்வுபெற்ற தாசில்தார் உலகநாதன், தாம் இன்னும் எத்தனை வருஷம் உயிரோடிருப்பார் என்பதைக் கணக்கிட்டு முடித்துவிட்டார். பதினைந்து.

இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் நெய்னா முகம்மது கொடுத்த ஆயுள் அட்டவணையில் அறுபது வயதுக்கு எதிரே அப்படித்தான் போட்டிருந்தது. "அது சராசரி சார், கூடக்குறைய இருக்கும்" என்று நெய்னா சொல்லிப் பார்த்தார். அச்சில் வந்துவிட்ட ஒன்றைச் சந்தேகிப்பது உலகநாதனுக்கு வழக்கமில்லை. பென்ஷன் வாடகைக்கும் அரிசிக்கும் சரியாகிவிடும். தபால் ஆபீஸ் சேமிப்பு முப்பதாயிரம். பதினைந்தால் வகுத்து வருஷத்துக்கு இரண்டாயிரம் எடுத்தால், கடைசி ரூபாயும் கடைசி மூச்சும் ஒன்றாகத் தீரும். என்ன நேர்த்தி!

"அடுத்த மாசம் அறுபது முடியுது. திருக்கடையூர் போயி மாலை மாத்திக்கணுங்க" என்றாள் மனைவி நீலாயதாட்சி.

"பைத்தியமே! அங்க போனா ஆயுசு கூடும். ஆயுசு கூடினா வருஷப் பணம் குறையும். இருபதால வகுத்துப் பாரு, காப்பிக்கே காணாது."

யமனை உதைத்த சாமியை வரவு செலவு பார்த்துத் தவிர்த்த முதல் பக்தர் அவராகத்தான் இருப்பார்.

"சரிங்க. பதினஞ்சு வருஷம் கழிச்சு, அரைப் பென்ஷன வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?"

அவளை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஆனால் நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது, மிராசுதார்கள் பெண்டாட்டி பெயரிலும் மாட்டுக்காரன் பெயரிலும் எழுதி வைத்த வயல்களை ஒன்றாகக் கூட்டி, உபரி என்று எடுத்துக்கொண்ட அதிகாரி அவர். அந்தப் பழைய குரல் தானாக வந்தது.

"சட்டப்படி புருஷன் பெண்டாட்டி ஒரே அலகு. தனித்தனியா கணக்குப் போட முடியாது."

"அப்ப நீங்க போற அன்னிக்கே நானும் கெளம்பணுமா? எனக்கு நாப்பத்தெட்டுதாங்க ஆவுது."

"அட்டவணையில அதுக்கு இடம் இல்ல."

"இல்லாட்டி போவுது. திருக்கடையூருக்கு நான் பணம் எடுத்துட்டு வர்றேன். மிச்சத்த என் வயசையும் பாத்து நானே வகுத்துக்கிறேன்."

"நீ எப்படிடி எடுப்ப?"

கேட்ட பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது.

தம்பிமார் கைமாற்று கேட்டு வந்தால் கையை விரித்துக் காட்டுவதற்காக, தபால் ஆபீஸ் கணக்கை அவர் நீலாயதாட்சி பெயரில்தான் தொடங்கியிருந்தார்.