நான்கு மணி நேரக் காற்று

பதினொரு விநாடிகள். இருபது டன் கன்டெய்னர் பெட்டியை அந்தரத்தில் தொங்கவிட்டுவிட்டு, கிரேன் ஓட்டுநர் அவ்வளவு நேரம் தூங்கிப்போனார். கீழே யாரும் இல்லை. பெட்டியும் அசையவில்லை. ஆனால் அவர் தலை தொங்கியது கேபின் கேமராவில் பதிவாகிவிட்டது. மறுநாளே துறைமுகச் சூப்பர்வைசர் அவரைக் கீழே இறக்கிவிட்டார். நாற்பது மீட்டர் உயரத்தில் இருபது வருடம் உட்கார்ந்து "கழுகு" என்று பேர் வாங்கியவர், தரையில் நின்று பெட்டி எண்களைச் சரிபார்க்கும் வேலைக்கு வந்தார்.

தூக்கப் பரிசோதனைக்காக ஒரு ராத்திரி உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிப் படுக்கவைத்தார்கள். மணிக்கு ஐம்பத்திரண்டு முறை மூச்சு நிற்கிறது என்றார் டாக்டர். தொண்டை மடிந்து அடைத்துக்கொள்கிறது, மூளை பதறி எழுப்பிவிடுகிறது, எத்தனை மணி நேரம் படுத்தாலும் தூங்கினதாகக் கணக்கில்லை. அதற்கு வைத்தியம் ஒரு சின்ன இயந்திரம். குழாய் வழியாக மூக்கு மாஸ்க்குக்குள் காற்றைத் தள்ளி, தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும். தினமும் எத்தனை மணி நேரம் மாட்டினார் என்பதை அதிலுள்ள கார்டு எழுதிக்கொள்ளும். நான்கு மணி நேரமாவது மாட்ட வேண்டும். மூன்று வாரம் கழித்து கிளினிக் சான்று கொடுத்தால், பாதுகாப்புக் குழு கூடி அவர் மேலே ஏறலாமா என்று முடிவு செய்யும்.

அவருக்கு வேண்டியது அந்தக் கேபின் நாற்காலி. தூக்கம் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும்.

இரவு ஷிப்ட் முடிந்து காலை எட்டு மணிக்குத்தான் படுப்பார். முதல் நாள் மாஸ்க்கை மூக்கில் மாட்டிக்கொண்டு அவர் திரும்பியபோது, மனைவி துணி மடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"ஏங்க, கடலுக்கடியில ஏதாவது வேல கெடச்சிருக்கா?"

அவளுடைய தம்பியும் அன்று வந்திருந்தான். அதே துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "மாமா, இனி கழுகுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. தும்பிக்கை அம்சமா இருக்கு."

"நீ மொதல்ல லாரிய ரிவர்ஸ் எடுக்கக் கத்துக்கடா."

படுத்தார். காற்று வந்தது. உடனே மூச்சைப் பிடித்துக்கொண்டார். காற்று இன்னும் அழுத்தியது, அவர் இன்னும் இறுக்கினார். பத்து நிமிடத்தில் மாஸ்க்கைப் பிய்த்து எறிந்தார். மறுநாளும் அதே கதைதான்.

மூன்றாம் நாள் ஒரு வழி கண்டுபிடித்தார். மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, ஜன்னலோர நாற்காலியில் விழித்தபடியே நான்கு மணி நேரம் உட்கார்ந்தார். திரைச்சீலை வெயிலில் ஊதி ஊதி அடங்கியது. தெருவில் போகிறவர்கள் தண்ணீருக்கடியில் நடப்பது போல நடந்தார்கள். பிறகு மாஸ்க்கைக் கழற்றிவிட்டுப் படுத்து, பழையபடி குறட்டை. ராத்திரி வேலையில் பெட்டி எண்கள் கண் முன்னால் மிதந்தன. ஏழு எந்த நேரத்தில் ஒன்றாக மாறியது என்று அவருக்கே தெரியவில்லை.

பத்தாம் நாள் கிளினிக்குக்குப் போனார். இயந்திரத்தைப் பொருத்திக் கொடுத்த பெண் கார்டைக் கணினியில் செருகினாள்.

"மூணாம் நாள்லேருந்து மணிக்கணக்கு சுத்தமா இருக்கு சார். ஆனா தூங்குற மனுஷன் மூச்சு இப்படி இருக்காது. நடுவுல டீ வேற குடிச்சிருக்கீங்க போல."

அவர் கூரையைப் பார்த்தார்.

"சரி விடுங்க. காத்து வர்றப்பல்லாம் ஏன் மூச்சப் பிடிக்கிறீங்க? என்ன வேல பாக்கறீங்க?"

சொன்னார். பெட்டியைக் கப்பலில் இறக்கும்போது நான்கு மூலையும் தளத்திலுள்ள நான்கு கொக்கியில் விரற்கடை பிசகாமல் உட்கார வேண்டும். கடைசி ஒரு மீட்டருக்கு அவர் மூச்சு விடுவதில்லை. விட்டால் கை அசையும். ஒரு ஷிப்ட்டுக்கு இருநூறு பெட்டி, இருபது வருடம்.

அவள் கார்டை உருவி அவரிடம் நீட்டினாள். "இங்க இறக்கறதுக்கு ஒண்ணுமில்ல சார். உள்ள வர்ற காத்த அதும்பாட்டுக்கு விடுங்க. வெளிய விடறத மட்டும் பாருங்க, நீளமா. மிச்ச நாளாவது நெஜமா தூங்குங்க, சான்று எழுதறேன். இல்லன்னா எழுத மாட்டேன்."

"எழுதலன்னா என் சீட்டு போச்சும்மா."

"தூங்காம மேல ஏறினா சீட்டு இருக்கும். கீழ நிக்கிறவன் இருக்க மாட்டான்."

மறுநாள் காலையில் படுத்தவர் மூச்சை நீளமாக வெளியே விட்டார். காற்று வந்தது. மறுபடி விட்டார். எத்தனையாவது தடவையோ, கட்டில் மெல்லத் தரையை விட்டுக் கிளம்பியது. கேபினில் இருந்தார். கீழே கப்பல் இல்லை, கடலும் இல்லை. பால் நிறத்தில் ஒரு வெளி. கம்பி நுனியில் ஒரு நீலப் பெட்டி இறங்கிக்கொண்டே இருந்தது. கொக்கிகளைத் தேடினார், காணோம். பயத்தில் மூச்சைப் பிடிக்கப்போனவர், ஏனோ விட்டுவிட்டார். பெட்டி விழவில்லை. இறகு போலச் சாய்ந்து, திரும்பி, அவர் கண்ணாடிக்கு நேரே வந்து நின்றது. அதன் கதவு திறந்திருந்தது. உள்ளே யாரோ மெதுவாகத் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள்.

விழித்தபோது நாக்கு உலர்ந்திருக்கவில்லை. தலை கனக்கவில்லை. மனைவி கட்டிலருகே நின்றிருந்தாள்.

"செத்துகித்துப் போயிட்டீங்களோன்னு ரெண்டு தடவ நெஞ்சுல கை வெச்சுப் பாத்தேன். சத்தமே இல்ல."

"நிம்மதியா இருந்துச்சா?"

"பயமா இருந்துச்சு. மூச்சு நின்னப்பல்லாம் ஒதச்சு எழுப்பினவ நான். இப்ப இந்தக் காலுக்கு வேலையில்லாமப் போச்சு."

அதன் பிறகு தினமும் தூங்கினார்.

இருபத்தொன்றாம் நாள், சான்று சட்டைப் பையில் தயாராக இருந்தது. குழு கூடுவது பகல் மூன்று மணிக்கு. அன்றைக்கும் நான்கு மணி நேரம் குறையக் கூடாதென்று வழக்கம்போல எட்டு மணிக்குப் படுத்துவிட்டார். நடுவில் யாரும் எழுப்பிவிடாதபடி போனின் சத்தத்தை அணைத்தார். "பன்னெண்டுக்கு எழுப்பிடு" என்றார். மனைவி வேலைக்கு லீவு போட்டுவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

அவர் கண் திறந்தபோது சுவரில் வெயில் மஞ்சளாகச் சாய்ந்து கிடந்தது. மணி ஐந்தேமுக்கால். மனைவி நாற்காலியிலேயே வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். குறட்டைக்குப் பக்கத்தில் இருபது வருடம் படுத்தவளுக்கு அமைதி புதிது. போனில் பதினான்கு அழைப்புகள்.

சூப்பர்வைசரைக் கூப்பிட்டார்.

"எங்கய்யா போனீங்க? அஞ்சு பேரு உங்களுக்காக உக்காந்திருந்தோம்!"

"தூங்கிட்டேன் சார்."

"தூங்கினதுக்குத்தான்யா உங்கள கீழ இறக்கினோம்" என்றார்.

"இது வேற தூக்கம் சார். கார்டுல ஒம்போதேமுக்கால் மணி நேரம் இருக்கு."

"அந்தக் கார்டோட அடுத்த மாசம் வாங்க. அப்பத்தான் குழு திரும்பக் கூடும். அதுவரைக்கும் தரைதான்."

ஒரு மாதம். கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. மனைவி திடுக்கிட்டு எழுந்தாள்.

"ஐயோ, மணி என்ன?"

"ஆறாகப்போவுது. அடுத்த மாசத்துக்குத் தள்ளிட்டாங்க."

"என்னாலதானே?"

"நீயும் கொறட்ட விடற, தெரியுமா?"

"நானா? வாய்க்கு வந்தத சொல்லாதீங்க."

அவர் முகம் கழுவப் போனார். ஷிப்ட்டுக்கு இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது. தரையில் நின்று பெட்டி எண் பார்க்கிற வேலைக்கு இவ்வளவு விழிப்பு தேவையே இல்லை.