கரடி வந்த வீடுகள்

திருப்பத்தூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில், வைகாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மூன்றாம் மாடி வீட்டுக்குள் கரடி வந்து உட்கார்ந்தது. கதவு உள்தாழ் போட்டபடியே இருந்தது. செல்போன் கடைக்காரரான நவீன்குமார் பல் துலக்கிவிட்டு வெளியே வந்தபோது, அது வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. வனத்துறையினர் வந்து வலை வீசினார்கள். வலை தரையில் கிடந்தது. கரடி வலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது. "எங்க கரடிங்கள்லாம் மலையிலதாங்க இருக்குது. இது கணக்குல வராதது" என்று சொல்லிவிட்டு வனக்காவலர் வலையைச் சுருட்டிக்கொண்டு போனார். அதே வாரத்தில் கண்ணமங்கலத்தில் ஒரு பேக்கரியின் மாவு அறையிலும், ஓர் ஆசிரியையின் சமையலறையிலும் கரடிகள் வந்தன. பஞ்சர் கடைக்காரர் ஒருவர் துடைப்பத்தால் விரட்டப் பார்த்தார். அவருக்குக் கன்னத்திலிருந்து காது வரை சதை போயிற்று. எல்லா வீட்டிலும் ஒரு விஷயம் பொதுவாக இருந்தது. கரடி வருவதற்குச் சற்று முன்பு, வீட்டிலிருந்த செல்போன் பெண் குரலில், "பெரியவரு வந்துட்டாரு, எழுந்திருங்க" என்று சொல்லியிருந்தது.

அந்தக் குரல் மலைமேல் இருக்கும் புதூர்நாட்டு அன்பரசியுடையது. வேலூரில் கணினி படித்து மலைக்குத் திரும்பியவள், புளியந்தோப்பைக் குத்தகைக்கு விட்டுக் கிடைத்ததில் ஒரு செயலி செய்தாள். பழைய போன் ஒன்றைப் பலாமரக் கிளையில் கட்டித் தொங்கவிட்டால் போதும். கரடி சருகில் கால் வைக்கும் சத்தத்தையும் அதன் செருமலையும் அது இனம் கண்டு, வீட்டிலிருக்கும் போன் வழியாகக் கூப்பிடும். விலை கொடுத்து வாங்கினால்தான் வேலை செய்யும். முதல் பலாப் பருவத்தில் நன்றாக விற்றது. அடுத்த பருவத்தில் தோப்புக்குத் தோப்பு அவள் குரல் கேட்டது, விற்பனை மட்டும் நின்றுபோயிருந்தது. நவீன்குமார் செயலியின் பூட்டை உடைத்து, பழுது பார்க்க வந்த போன்களில் எல்லாம், மலைக்காரர் சமவெளிக்காரர் என்று பார்க்காமல், சினிமாப் பாட்டோடு சேர்த்து அதையும் இனாமாக ஏற்றிக்கொண்டிருந்தார்.

அன்பரசி செயலியின் புதிய பதிப்பில் இரண்டாவது பூட்டு ஒன்று செய்தாள். அதை ஆழத்தில் ஒளித்து வைத்தாள். உடைக்கிறவன் முதல் பூட்டோடு திருப்தியடைந்து போய்விடுவான் என்று கணக்குப் போட்டாள், அப்படியேதான் நடந்தது. திருட்டுச் செயலி அவளுடைய கணினியிடம், இந்தப் போன் விலை கொடுத்ததா என்று கேட்கும். இல்லை என்று பதில் போனால், கரடி வராதபோதும் வந்துவிட்டதாகக் கூப்பிடும். வீணாக எழுந்து ஓடி அலுத்துப்போனால் காசு கொடுத்து வாங்கிவிடுவார்கள் என்று நினைத்தாள். தொழில்முறையில் அதில் தவறில்லை. ஆனால் புதூர்நாட்டில் பலாப் பருவம் முடியும்வரை கரடியின் பெயரை யாரும் சொல்வதில்லை, பெரியவர் என்பார்கள். அவர் வராதபோது வந்துவிட்டார் என்று விளையாட்டுக்குச் சொன்னாலும் பிள்ளைகளுக்கு அடி விழும். வந்துவிட்டதாகச் சொன்ன வீட்டுக்கு அவர் வந்துதான் ஆவார். அன்பரசியும் சின்ன வயதில் அந்த அடியை வாங்கியவள்தான். விடுதியில் கழிந்த வருடங்களில் அது எப்படியோ மறந்துபோயிருந்தது.

நவீன்குமார் அவளை அழைத்தார். "மேடம், பூட்டை உடைச்சது நான்தாங்க. திட்டுங்க, வாங்கிக்கிறேன். ஆப்பை அழிச்சிப் பாத்துட்டேன். போனைத் தூக்கி பக்கெட் தண்ணியில போட்டேன். தண்ணிக்குள்ளேர்ந்து நீங்க கூப்புட்றீங்க. இப்ப ரெண்டாவதா இன்னொண்ணு வந்து கட்டில்ல குந்தினு இருக்குது. நிறுத்துங்க மேடம்."

நிறுத்த ஒரே வழிதான் இருந்தது. எந்தப் போன் கேட்டாலும், ஆமாம், விலை கொடுத்தாயிற்று என்று அவளுடைய கணினி பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு யாரும் ஒருபோதும் வாங்க மாட்டார்கள். குத்தகைப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துப் புளியந்தோப்பை மீட்கவும் முடியாது. ஒரு பகல் முழுவதும் அன்பரசி திரைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் திருப்பத்தூரும் கண்ணமங்கலமும் கீழே இருந்தன, அவள் மேலே இருந்தாள். அந்த உயரம் ஒருவரை எவ்வளவு நேரம் பேசாமல் உட்காரவைக்கும் என்பதை யாரும் அளந்ததில்லை.

சாயங்காலம் அக்கா பச்சையம்மா அழைத்தாள். அவள் வீடு நான்கைந்து திருப்பங்கள் தள்ளி, பலாத்தோப்புக்குள் தனியாக இருந்தது.

"அன்பு, நீ செஞ்சது எங்கூட்டுலயும் கத்துதுடி. தோப்புல போய்ப் பாத்துட்டு வர்றேன், ஒண்ணுத்தயும் காணோம்."

"உனக்கு யாரு குடுத்தா? நான் குடுக்கலியே."

"உங்க மாமாதான் திருப்பத்தூர்ல ஏத்தினு வந்தாரு. தங்கச்சி செஞ்சத காசு குடுத்து வாங்குனா ஊரு சிரிக்காதா? சொந்தத்துல நாம பலாப்பழத்த விக்கிறமா இன்னா?"

"அக்கா, கதவைச் சாத்து."

"இன்னாத்துக்குடி?" என்றாள். பிறகு குரல் தாழ்ந்தது. "அன்பு, வாசல் இருட்டாயிடுச்சு. வெயிலு இருக்கும்போதே இருட்டாயிடுச்சு. புள்ள தொட்டில்ல கீதுடி."

அன்பரசி ஆமாம் என்ற பதிலைப் போட்டாள். அந்தக் கணமே, வாளித் தண்ணீரில் கிடந்தது உட்பட, எல்லாத் திருட்டுப் போன்களும் அடங்கின. ஊர் ஜீப்காரன் வேடியப்பனின் வண்டியில் ஏறி அவள் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது போன் அமைதியாகத்தான் இருந்தது. வந்தவர் மட்டும் போகவில்லை. உடம்பு வாசலை அடைத்திருக்க, மூக்கு தொட்டில் சேலையை முகர்ந்துகொண்டிருந்தது. குழந்தை விழித்திருந்தது, அழவில்லை. பச்சையம்மா சுவரோடு சுவராக நின்றாள். வேடியப்பன் இன்ஜினை அணைக்கவும் பயந்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தான்.

அன்பரசி வாசல் வரைக்கும் நடந்தாள். "பெரியவரே, பொய் சொன்னது நான்தான். வாங்க, போலாம்" என்றாள்.

போனில் கேட்ட அதே குரல். கரடி தொட்டிலை விட்டுத் திரும்பியது. அவள் முன்னால் நடந்தாள், அது பின்னால் நடந்தது. வீடு வரும்வரை அதன் மூச்சு அவள் கெண்டைக்காலில் சுட்டுக்கொண்டே வந்தது. மறுநாளிலிருந்து கீழே போயிருந்தவையும் மலைப்பாதை வழியாக ஏறி வந்தன. பேருந்துகள் ஒதுங்கி வழிவிட்டன. எல்லாம் அவள் வீட்டைச் சுற்றி உட்கார்ந்து, அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்று அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

அன்பரசி அதற்குப் பிறகு பேசவில்லை. அவள் செயலி இப்போது எல்லோருக்கும் இனாம். கரடி நிஜமாக வரும்போது மட்டுமே கூப்பிடுகிறது. பச்சையம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து தூரத்தில் நின்று நடப்பைச் சொல்வாள், அன்பரசி தலையாட்டுவாள். ரேஷன் கடைக்காரர் அவளுடைய அரிசியை வேலியோரம் வைத்துவிட்டுப் போகிறார். புதூர்நாட்டு ஜீப்காரர்கள் அவள் வீட்டு வளைவில் ஹாரன் அடிப்பதில்லை.