ஒரு அவுன்ஸ் விளக்கெண்ணெய்

ஞாயிற்றுக்கிழமை காலை அடையாற்று முகத்துவாரத்தில் பத்துத் தூண்டில் வீச்சு. அதில் பாதியாவது சுத்தமாக விழுந்தால் செபஸ்தியானுக்கு அந்தமானில் வேலை. இல்லாவிட்டால் சாந்தோம் கரையில் மற்றவர்கள் வலை இழுப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். போன வருடம் முதுகில் டிஸ்க் நழுவியதிலிருந்து வலையும் கட்டுமரமும் அவனுக்கு இல்லையென்று ஆகிவிட்டன.

வேலை தருவதாகச் சொன்னவர் ரகுபதி. 1997 பிறந்த கையோடு போர்ட் பிளேர் பக்கம் ஒரு விடுதி திறந்திருந்தார். தூண்டில் போட வருகிற வெளிநாட்டுக்காரர்களைக் கழிமுகங்களில் படகேற்றிக் கூட்டிப்போக, கொடுவாய் மீனின் குணம் தெரிந்த ஆள் வேண்டும். மீன் எங்கே ஒதுங்கும் என்று செபஸ்தியான் சொன்னதெல்லாம் அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் வீசியும் காட்டத் தெரிய வேண்டுமே. நரம்பு சுற்றிய ஒரு ரீல், மூன்று தூண்டில் ராடு, இரைக்குப் பதிலாக விரல் நீளத்தில் மரத்தால் செய்த பொம்மை மீன்கள் நாலு. எல்லாவற்றையும் கொடுத்து, "எந்த ராடு சரின்னு நீங்களே பார்த்து வைங்க. ஒரு வாரம் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செபஸ்தியான் யோசிக்காமல் தடியான ராடை எடுத்தான். கடல்காரன் கை தடியானதைத்தான் நம்பும். ரீல் அதன் முதுகில் உட்கார்ந்திருந்தது. கட்டைவிரலால் உருளையை அழுத்திப் பிடித்து, வீசும்போது விட வேண்டும். விட்டான். பொம்மை மீன் நாலு பாகம் தூரம் போவதற்குள் உருளை அதைவிட வேகமாகச் சுழன்று, நைலான் நரம்பு முழுக்கத் தேங்காய் நார் மாதிரிப் பொங்கி நின்றது. இரண்டு நாள் சிக்கெடுத்ததுதான் மிச்சம்.

மூன்றாம் நாள் அவன் மனைவி ஜாஸ்மின் ராடின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தாள். மயிலாப்பூரில் ஒரு டாக்டரம்மாவின் கிளினிக்கில் பத்து வருடமாக மருந்து கலந்து கொடுப்பவள் அவள்.

"ஒண்ணுலேர்ந்து ரெண்டு அவுன்ஸுன்னு போட்டுக்கீது பாருய்யா. எண்ணெயே ஊத்தாம சுத்துனா அது இன்னா பண்ணும்?"

அவுன்ஸ் என்றால் அவளுக்கு மருந்து கிளாஸில் போட்டிருக்கும் கோடு. எதற்கும் குறைந்த டோஸாகவே இருக்கட்டும் என்று ஒரு அவுன்ஸ் விளக்கெண்ணெயை அளந்து ரீலின் இடுக்குகளில் ஊற்றினாள். பாதி அவள் மடியில் வழிந்தது.

மறுநாள் சிக்கு விழவில்லை. எண்ணெய்ப் பிசுக்கில் உருளை சுழலாமல், பொம்மை மீன்தான் காலடியிலேயே தொப்பென்று விழுந்தது. பக்கத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த கோபால் மூக்கை உறிஞ்சினான்.

"இன்னா மச்சி, ரீலுக்கு பேதிக்கு குட்த்துட்டியா? வாடை இங்க வரைக்கும் அடிக்குது!"

செபஸ்தியான் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. வீட்டுக்கு வந்து ராடைச் சுவரில் சாய்த்துவிட்டு, "வுடு ஜாஸு. நம்ம கைக்கு இது ஆவாது" என்றான். திட்டியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

வியாழக்கிழமை கிளினிக்கில் மருந்துப் பொடி மடித்துக்கொண்டிருந்தபோது அவள் கை நின்றது. எண்ணெய் ரீலுக்கு என்றால், அதை ஏன் ராடில் எழுதுகிறான்? ரீல் ஒன்று, ராடு மூன்று. மூன்றிலும் வேறு வேறு எண்கள்.

தராசுக்குப் பக்கத்தில் பழைய எடைக்கற்கள் இருந்த மரப்பெட்டியைத் திறந்தாள். கிராம் கற்களுக்கு அடியில், யாரும் தொடாத பித்தளைக் கற்கள். ஒன்றில், ராடில் இருந்த அதே இரண்டு எழுத்து: oz. எண்ணெய் வாடை போக ஸ்பிரிட்டில் துடைக்கக் கொண்டுவந்திருந்த பொம்மை மீனைப் பையிலிருந்து எடுத்து ஒரு தட்டில் வைத்தாள். மறு தட்டில் கால் அவுன்ஸ் கல். முள் நட்டநடுவில் நின்றது.

"ஏம்மா ஜாஸ்மின், மருந்து நிறுக்கற தராசுல மீனை வெச்சுண்டு என்ன பண்றே?" என்றார் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதும் பத்ரிநாராயணன்.

"பொம்மை சார்."

"பொம்மையா இருந்தா என்ன, கண்ணை முழிச்சிண்டு என்னையே பாக்கறதே! தட்டை ரெண்டு தரம் அலம்பிடு."

சாயங்காலம் மூன்று ராடுகளையும் பாயில் வரிசையாக வைத்தாள். மெல்லிய ராடில் எட்டில் ஒன்று முதல் எட்டில் மூன்று வரை என்று இருந்தது. கால் அவுன்ஸ் அதற்குள்தான் வருகிறது.

"இது எண்ணெய் கணக்கு இல்லய்யா. எத்தினி கனத்தை வீசும்னு எழுதிக்கிறான். உன் தடி ஒரு அவுன்ஸுக்குக் குறைஞ்சா வளையாது. அதான் நீ பலத்தைப் போட்டு வீசறே, உருளை மட்டும் தனியா ஓடுது. எறும்பு உக்காந்தா தென்னமரம் வளையுமா?"

"அப்ப அந்த விளக்கெண்ணெய்?"

"அது என் தப்பு. இன்னா இப்ப?"

ரீலைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசித் துடைத்தாள். உருளையின் இரண்டு முனையிலும் தையல் மெஷின் எண்ணெய் ஒவ்வொரு சொட்டு விட்டாள். மெல்லிய ராடைக் கையில் பிடிக்கவே செபஸ்தியானுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் பின்னால் கொண்டுபோனதும் அது தானே வளைந்தது, தானே உதறியது. அவன் பலம் போட வேண்டியிருக்கவில்லை. கட்டைவிரலை எப்போது மறுபடி வைப்பது என்பதுதான் வேலை. சனிக்கிழமை மாலைக்குள் பத்தில் ஆறேழு சரியாக விழுந்தன.

ஞாயிறு முதல் பூசை முடிந்து இருவரும் முகத்துவாரத்தில் இருக்கும் உடைந்த பாலத்துக்குப் போனார்கள். ரகுபதி கைகட்டி நின்றார். முதல் வீச்சிலேயே சிக்கு. ஜாஸ்மின் பார்வையைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். செபஸ்தியான் முதுகைப் பிடித்தபடி மணலில் உட்கார்ந்து, அவசரப்படாமல் சிக்கெடுத்து, எழுந்தான். இரண்டாவது சுத்தம். மூன்றாவது பாதியில் விழுந்தது. அதன் பிறகு அவன் யாரையும் பார்க்கவில்லை. நாலு, ஐந்து, ஆறு. ஏழாவது பாலத்துத் தூணிலிருந்து ஒரு சாண் தள்ளி, சத்தமில்லாமல் நீரில் இறங்கியது.

"போதும். ஏன் இந்த ராடை எடுத்தீங்க?" என்றார் ரகுபதி.

"பொம்மை கால் அவுன்ஸு சார். அதுக்கு வளையறது இதான். வூட்டுக்காரிதான் நிறுத்துப் பாத்துச்சு" என்று மோவாயால் ஜாஸ்மினைக் காட்டினான்.

ரகுபதி அவளைப் பார்த்துச் சிரித்தார். "அங்க வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு இது தெரியாதும்மா." பிறகு அவனிடம், "கப்பல் பன்னெண்டாம் தேதி. முதல்ல மூணு மாசம் பாப்போம்" என்றார்.

"கப்பலா? கடல்ல சும்மா குந்திகினு போனதே இல்ல சார் நானு."

"முதுகுக்கு நல்லது, குந்து" என்றாள் ஜாஸ்மின்.

பத்தில் இன்னும் மூன்று பாக்கி இருந்தது. யாரும் கேட்கவில்லை. செபஸ்தியான் உருளையில் கட்டைவிரலை வைத்து, ராடைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோனான்.