மேட்ஜ் இல்லாத ஞாயிறு

1927 மே மாதம் பதினாறாம் தேதி திங்கட்கிழமை காலை, விக்டோரியா மாநிலத்தின் விம்மெரா கோதுமைப் பகுதியில், ஹெட்லி ட்ரெலோரின் இடது முழங்கால் லாயத்துத் தூணுக்கும் சாம்சன் என்னும் குதிரையின் பின்னிடுப்புக்கும் நடுவே மாட்டி நசுங்கியது.

சாம்சன் வேண்டுமென்று செய்யவில்லை. பக்கத்தில் நின்ற பெட்டைக் குதிரை மேட்ஜ் காதுகளைப் பின்னால் மடக்கியது, சாம்சன் ஒதுங்கியது. அவ்வளவு பெரிய உடம்பு ஒதுங்கிய பக்கத்தில் ஹெட்லியின் கால் இருந்தது.

மழை பெய்து மண்ணில் ஈரம் நின்ற நேரம் அது. கிழக்கு வயல் விதைத்தாகிவிட்டது, மேற்கு வயல் மீதியிருந்தது. ஜூன் நடுவுக்குள் விதை மண்ணுக்குள் போகாவிட்டால், கதிர் பால் பிடிக்கும்போது வடக்கேயிருந்து அனல்காற்று வந்துவிடும். சுற்றுவட்டாரத்தில் கையும் காலும் சும்மா இருந்த ஆள் ஒருவரும் இல்லை. அதனால் ஹெட்லியின் மனைவி டல்சி குதிரைகளை ஓட்டினாள்.

எட்டுக் குதிரைகள், நான்கு நான்காக இரண்டு வரிசை, பின்னால் விதைப்பு எந்திரம். கழுத்துப்பட்டையை மாட்ட அவளுக்கு உயரம் போதாது. மண்ணெண்ணெய்ப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, ஏறி நின்று மாட்டினாள். பிறகு பெட்டியை இழுத்துக்கொண்டு அடுத்த குதிரைக்குப் போனாள். சாயங்காலம் வார்களை அவிழ்க்கும்போது விரல்கள் மடங்கியபடியே நின்றன. மற்றொரு கையால் பிரித்துவிட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு மாவு பிசைய வேண்டும், ஹெட்லியின் காலுக்குக் கட்டு மாற்ற வேண்டும்.

ஹெட்லி வராந்தாவில் நாற்காலி போட்டு, காலை ஒரு பெட்டிமேல் நீட்டி உட்கார்ந்திருந்தான். அங்கிருந்தபடியே, முன் வரிசைக் குதிரை நக்கெட்டின் வார் தொங்குகிறது, சாம்சன் நொண்டுகிறதா பார் என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தான். முதல் இரண்டு நாள் அவள் பதில் சொன்னாள். பிறகு சொல்லவில்லை.

குதிரைகளில் டிங்கர் புதிது. கோடையில் செத்துப்போன ஒரு குதிரைக்குப் பதிலாக வந்தது. வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் மாலையில் அவிழ்த்துவிட்டதும், எல்லாம் தொட்டிக்குப் போகும்போது அது மட்டும் வேலியோரம் நிற்கும். ஓரடி எடுத்து வைத்தால் மேட்ஜ் தலையைத் தூக்கிப் பார்க்கும், டிங்கர் திரும்பிவிடும். டல்சி இதைத் தினமும் பார்த்தாள். டிங்கரின் விலா எலும்பு தெரிய ஆரம்பித்ததையும் பார்த்தாள். பார்த்துவிட்டு வீட்டுக்குள் போய்விடுவாள், அடுப்பு அணைந்து கிடக்கும்.

இரண்டாம் வார நடுவில், மாலை வேலை முடிந்ததும் மேட்ஜை மட்டும் வீட்டருகே இருந்த சின்ன அடைப்பில் தனியாகப் பூட்டினாள்.

"அவள எதுக்கு அங்க கொண்டுபோய் அடைக்கிற?" என்றான் ஹெட்லி.

"புதுசுக்குத் தண்ணி விட மாட்டேங்குறா. மாமியா மாதிரி தொட்டிகிட்ட நின்னு அதிகாரம்."

"மாமியா இருந்தாத்தான் மத்ததுங்க ஒழுங்கா இருக்கும். பிரிக்காத, டல்சி."

"உன் காலு இப்படிக் கெடக்குறதே அவளாலதான். நாற்காலில உக்காந்துகிட்டு எனக்கு மேய்க்கச் சொல்லித் தராத."

பகலில் மேட்ஜ் வழக்கம்போல மற்றவற்றோடு நுகத்தில் நின்று இழுத்தது. சாயங்காலம் தனியாகப் போனது. வேலை நாட்களில் எல்லாக் குதிரைகளும் களைத்திருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. சாம்சன் நக்கெட்டை ஒருமுறை கடித்தது, தோலில் பல் பதிந்திருந்தது. டல்சி களிம்பு தடவிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ட்ரெலோர் வீட்டில் ஏர் பூட்டுவதில்லை. மழையே வந்தாலும், விதை பாதியில் நின்றாலும், மெதடிஸ்ட் சபைக் கிறிஸ்தவக் குடும்பங்கள் எதிலும் அன்று வேலை இல்லை. கோயிலிலும் அப்படித்தான் சொல்வார்கள். குதிரைகளுக்கு மட்டும் முழுத் தீனி உண்டு. ஓட்ஸ் தின்று, இழுக்க ஒன்றுமில்லாமல், எட்டில் ஏழு குதிரைகள் ஒரே அடைப்பில் நாள் முழுதும் நின்றன.

டல்சி கோயிலிலிருந்து வண்டியில் திரும்பியபோது ஹெட்லி நாற்காலியில் இல்லை. முற்றத்தின் பாதியில், மண்ணில் உட்கார்ந்திருந்தான். முழங்கால் கட்டு அவிழ்ந்து பின்னால் இழுபட்டுக் கிடந்தது.

"தொட்டிகிட்ட போ," என்றான். "நக்கெட்."

அவன் நாற்காலியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். மேட்ஜ் இல்லாத இடத்துக்கு யார் என்று சாம்சனும் நக்கெட்டும் காலையிலிருந்து ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன. தண்ணீர் குடிக்க இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. இரண்டுமே விட்டுக்கொடுக்கவில்லை. சாம்சன் திரும்பி உதைத்தது. நக்கெட் தொட்டிக்கும் வேலிக்கும் இடையே இருந்ததால் விலக முடியவில்லை. ஹெட்லி கத்தியிருக்கிறான், தவழ்ந்தும் பார்த்திருக்கிறான்.

நக்கெட் மூன்று கால்களில் நின்றது. நான்காவது, முட்டிக்குக் கீழே தனியாகத் தொங்கியது. முன் வரிசையில் சொல் கேட்டுத் திரும்பும் குதிரை அது ஒன்றுதான். மற்றவை அதன் திரும்பலைப் பார்த்துத்தான் திரும்பும்.

டல்சி போய்ச் சொன்னதும் பக்கத்துப் பண்ணையிலிருந்து க்ளோஸ் துப்பாக்கியோடு வந்தார். அவர் லூத்தரன், வேறு சபைக்காரர். ஞாயிறு என்றால் அவரும் சும்மா இருப்பவர்தான், ஆனால் வாயைச் சும்மா வைத்திருக்க மாட்டார். சாதாரண நாளாயிருந்தால், உங்கள் மெதடிஸ்ட் குதிரைகள் பிரசங்கம் கேட்கப் போகாததால் வந்த வினை என்று ஏதாவது சொல்லியிருப்பார். அன்று சொல்லவில்லை. நக்கெட்டின் கழுத்தில் ஒரு கையை வைத்தபடி கேட்டார்.

"நீங்க உள்ள போறீங்களா, மிசஸ் ட்ரெலோர்?"

"வேண்டாம். அதோட தலையப் பிடிச்சுக்கிறேன்."

சுட்டு முடிந்த பிறகு, சங்கிலி கட்டி உடலை இழுத்துப்போக க்ளோஸ் தன் குதிரைகளைக் கொண்டுவருவதாகச் சொன்னார். ட்ரெலோர் வீட்டுக் குதிரைகள் தம் கூட்டாளியைத் தாமே இழுக்கும்படி விட வேண்டாம் என்றார். டல்சி தலையசைத்தாள்.

ஹெட்லியைத் தோளில் சாய்த்து நாற்காலிக்குக் கொண்டுவர வெகு நேரமாயிற்று. கட்டை மறுபடி சுற்றினாள்.

"சொல்லிடு," என்றாள்.

"என்னத்த?"

"பிரிக்காதன்னு சொன்னேனேன்னு."

"சொன்னேன்தான்." அவன் மேற்குப் பக்கம் பார்த்தான். "ஏழ வச்சு ரெண்டு வரிசை சமமாப் பூட்ட முடியாது. ஆற மட்டும் பூட்டு. எந்திரத்துல ரெண்டு ஓரத்து விதைக் குழாயையும் அடைச்சிரு, பாரம் கொறையும்."

"அப்ப எப்ப முடியும்?"

"முடியாது."

மாலையில் டல்சி மேட்ஜைத் திரும்ப மற்ற குதிரைகளின் அடைப்புக்குள் விட்டாள். இந்த முறை அவள் வீட்டுக்குள் போகவில்லை. அடுப்பு எப்படியும் அணைந்திருந்தது. வேலிக் கட்டையில் சாய்ந்து நின்றாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தெரியும்.

மேட்ஜ் அவசரப்படாமல் தொட்டிக்கு நடந்தது. சாம்சன் நிமிர்ந்து பார்த்தது. மேட்ஜ் காதை மடக்கியது, பல்லைக்கூடக் காட்டவில்லை. சாம்சன் பின்னால் நகர்ந்தது. மேட்ஜ் குடித்தது, பிறகு சாம்சன், பிறகு மற்றவை. தொட்டியருகே ஒரு குளம்பும் உயரவில்லை. குடித்தவை ஒவ்வொன்றாகத் தட்டைத் தீனிக்குப் போயின.

தொட்டியருகே ஒன்றும் நிற்காமல் போனதும், வேலியோரம் நின்றிருந்த டிங்கர் நடந்து வந்தது. மேட்ஜ் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தின்பதைத் தொடர்ந்தது. டிங்கர் தலையைத் தாழ்த்தி, வெகு நேரம், நிதானமாகக் குடித்தது. அதற்கு இது புதிதாகத் தெரியவில்லை; தினமும் இப்படிக் கடைசியாக வந்து குடித்திருக்க வேண்டும், டல்சி அதுவரை நின்று பார்த்ததில்லை.

டல்சி பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய் மாவைப் பிசைந்தாள்.

மறுநாள் ஆறு குதிரைகளைப் பூட்டினாள். நக்கெட் இருந்த இடத்தில் மேட்ஜை நிறுத்திப் பார்த்தாள். தொட்டியில் அதிகாரம் செய்த குதிரைக்கு நுகத்தில் திரும்பத் தெரியவில்லை. ஒவ்வொரு மூலையிலும் இறங்கிப்போய்க் கடிவாளத்தைப் பிடித்துத் திருப்ப வேண்டியிருந்தது. ஹெட்லி வராந்தாவிலிருந்து பார்த்தான், குரல் கொடுக்கவில்லை.

ஜூன் நடுவில் விதைப்பு எந்திரம் கொட்டகைக்குப் போனது. அந்த ஆண்டு மேற்கு வயலில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கோதுமை விதைக்கப்பட்டது. மீதியில் ஆடு மேய்ந்தது.